இரு தெருவுக்கும் ஊற்றிய பரங்கிச்சாறு

நம் பங்குக் கோயிலின் நூற்றாண்டு மலரில், அயல்நாடுகளுக்கு இறைப்பணி ஆற்றச் சென்ற ஊர்ப்பெண்களைப் பற்றிய பக்கத்தில், என் அத்தையைக் குறித்து ஒன்றரை வரி அச்சாகியுள்ளது. கரிபியக் கடலிலுள்ள எயிட்டி (ஹைட்டி) நாட்டில் தொண்டாற்றினார் என்றும், இடையில் உடல்நலம் குன்றிச் சில திங்கள் ஊரில் ஓய்வெடுத்தார் என்றும் அது கூறுகிறது. முற்பகுதியில் பிழையில்லை. பிற்பகுதியை அப்படியே விட்டுவிட என்னால் இயலவில்லை. அவர் ஓய்வெடுத்ததை நான் கண்டதில்லை. அந்தச் சில திங்களில் அவர் ஓரிடத்தில் நிலையாக அமர்ந்ததே அரிது. உடல்நலம் குன்றியவர் என்னும் பேச்சு எங்கள் வீட்டில்தான் பிறந்தது. அதைப் பிறப்பித்தவர் அவர்மேல் எல்லையற்ற அன்பு கொண்டிருந்த என் பெரியப்பா. அவர் இன்று இல்லை. அப்பாவும் அத்தையும் இல்லை. அம்மாவுக்கு நினைவு மங்கிவிட்டது. எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்து, இன்று என்னைப் போலவே காதோரம் நரைத்துப்போன தோழர்களே, உங்களை முன்னிறுத்தியே எழுதுகிறேன். அப்போது நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

நம் ஊரின் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. வரதராசன்பேட்டையில் பேருந்தை விட்டிறங்கி, முந்திரிக்காட்டினூடே செம்மண் தடத்தில் நடந்தால் வரும் ஊர் என்றால் உங்களுக்குப் போதும். அது நம்மைத் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரித்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் சேர்த்த ஆண்டு. தலைமையாசிரியரான என் அப்பா, பள்ளியின் முத்திரையில் மாவட்டப் பெயரை மாற்றுவதற்காக அலைந்துகொண்டிருந்தார். பின்னாளில் நம்மை அரியலூர் என்றார்கள். மீண்டும் பெரம்பலூர் என்றார்கள். மீண்டும் அரியலூர் என்றார்கள். பணி ஓய்வு பெறும்வரை அந்த முத்திரை அப்பாவை விடவில்லை.

கிறித்துபிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்து மழை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், எங்கள் வீட்டுப் படலுக்கு வெளியே நின்று யாரோ "ஓனே" என்று குரல் கொடுத்தார். கோலமாவு விற்பவரோ என்று எண்ணி அம்மா வேண்டா என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டார். சாம்பல்நிறப் புடவையும் தகரப் பெட்டியுமாக நின்றிருந்தவர் அத்தை. பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்த வீட்டுக்கு வந்தவர், படலைத் திறந்துகொண்டு நேரே வந்திருக்கலாம். அந்நாட்டில் பிறர் வாயிலில் நிற்போர் "ஓனே" என்பராம். மாண்பு என்பது பொருள். வீட்டிலிருப்போர் "ரெசுபே" என்று மறுமொழி தருவராம்; மதிப்பு என்பது பொருள். அதற்குப் பின்னரே வந்தவர் அடியெடுத்து வைப்பாராம். பழகிப்போன வாய் தன்னையறியாமல் அழைத்துவிட்டது என்று அத்தை சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் அத்தையை ஒருவரும் முறைசொல்லி அழைப்பதில்லை, நான் ஒருத்தியைத் தவிர. அவர் துறவாடை உடுத்த நாள் முதலாய்ப் பெரியப்பாவே தம் உடன்பிறந்த தங்கையைச் சிஸ்டர் என்றுதான் அழைத்தார். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க என்றுதான் பேசினார். தாயும் தந்தையும் இல்லாத வீட்டில் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் அப்படிப் பேச நேர்ந்தது அவருக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

அத்தை வந்த மறுநாளே வீட்டில் எல்லோருக்கும் நிலைமை தெரிந்துவிட்டது. எயிட்டியில் படையினர் ஆட்சியைப் பறித்துக்கொண்டு நடத்திய ஆண்டுகள் முழுவதையும் அத்தை அங்கேயே, வடகரையிலுள்ள ஒரு சிறு மருந்தகத்தில் கழித்திருந்தார். அவ்வாட்சி விலகி, மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் திரும்பிவந்த பின்னர்தான் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அதனால் மடத்துத் தலைவி அவரை ஊருக்கு அனுப்பியிருந்தார்; வந்து சேருமுன்பே காய்ச்சல் விட்டிருந்தது. பொங்கல் கழிந்ததும் தலைவி நேரில் வருவார்; வீட்டாரிடம் கேட்டறிவார்; அத்தையை மீண்டும் தீவுக்கு அனுப்புவதா, இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அமர்த்துவதா என்று முடிவு செய்வார். அத்தைக்குப் போக வேண்டும். பெரியப்பாவுக்கு அவர் இங்கேயே இருக்க வேண்டும். இதில் மறைவு ஏதும் இல்லை. இருவரும் உணவின்போது வெளிப்படையாகவே வழக்காடினார்கள்.

"பிப்ரவரில இருக்குற ஜனாதிபதி எறங்குறாரு, புது ஜனாதிபதி ஏறுறாரு" என்றார் அத்தை ஒருநாள். "ஓட்டுல ஜெயிச்சவரு, ஓட்டுல ஜெயிச்ச இன்னொருத்தர்கிட்ட குடுக்கப் போறாரு அண்ணே. அந்த சனங்க அத இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அன்னிக்கி நான் அங்க இருக்கணும்."

"நீங்க என்ன, ஓட்டா போட்டீங்க சிஸ்டர்?"

"நான் போடல. ஓட்டுப் போடப் போயி அடிபட்டு வந்தவங்களுக்குக் கட்டுப் போட்டேன்."

பெரியப்பா அதன்பின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை.

அத்தையின் அமைதியின்மையை நான் எங்ஙனம் விளக்குவேன்? விடிந்ததும் முந்திரித் தோப்பில் ஒரு சுற்று நடப்பார். வெயில் ஏறியபின் மறுபடியும் ஒரு சுற்று. அம்மா கீரை ஆயக் கொடுத்தால் பாதியில் எழுந்து படல்வரை போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வருவார். அப்பாவின் சிற்றலை வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். இரைச்சலுக்கு நடுவே அயல்மொழிக் குரல் ஒன்று எழுந்து அமிழும். அந்தப் பெட்டியின் தோலுறையில் வியர்வையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை உண்டு. இன்று நினைத்தாலும் அது மூக்கில் ஏறுகிறது.

ஊரில் ஒரு திருமணம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் வீட்டைக் கடந்தபோது சரவெடி கொளுத்தினார்கள். நான் பலகணியில் தொற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வெடி வெடித்ததும் அத்தை ஒரு கையால் என்னையும் மறு கையால் அம்மாவையும் இழுத்துத் தரையில் கிடத்தி, எங்கள்மேல் கவிழ்ந்துகொண்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் உறைத்தது. வெடி ஓய்ந்ததும் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கல்யாணமா என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். வாயிலில் நின்று பார்த்திருந்த பெரியப்பா சிரிக்கவில்லை. அவரைப் போகவிடுவதில்லை என்று பெரியப்பா உறுதிகொண்டது அந்த நொடியில்தான் என்பது என் எண்ணம்.

மொழியைப் பற்றி அப்பா ஓயாமல் கேட்பார். தூய தமிழில் அவருக்கிருந்த பற்று நீங்கள் அறிந்ததே. என் எழுத்தில் அது படிந்திருப்பதும் நீங்கள் அறிந்ததே. எயிட்டியில் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நெடுங்காலம் பிரெஞ்சு ஒன்றே இருந்தது. வீட்டிலும் வயலிலும் எல்லோரும் பேசியது கிரெயோல். அதையும் ஆட்சிமொழியாக ஏற்று அரசமைப்பில் எழுதியது அண்மையில்தான் என்று அத்தை சொன்னார். மருந்தகத்துத் திண்ணையொத்த ஒரு மேடையில் அவர் பிள்ளைகளுக்கு அம்மொழியிலேயே எழுத்தறிவித்து வந்தாராம்; பெற்றோர் சிலரே அதை விரும்பவில்லையாம், பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கச் சொன்னார்களாம்.

அப்பா கேட்டார்: "அது ஒடஞ்ச பிரெஞ்சுன்னுதானே சொல்றாங்க? அதுக்குன்னு இலக்கணம் இருக்கா?"

"அந்த மொழியிலதான் அண்ணே அவங்க சண்ட போடுறாங்க, ஜெபம் பண்றாங்க, சாவுக்கு அழுவுறாங்க. இலக்கணம் இல்லாமலா இத்தனையும் நடக்குது?"

அப்பா தலையசைத்தார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் வகுப்பில் ஒருவன் "வூட்டுக்குப் போறேன்" என்றபோது அவர் அடிக்கவில்லை. அது உங்களுக்கே வியப்பாக இருந்தது.

அந்த மொழியில் நாம் கற்றது நலம் விசாரிக்கும் இரண்டு தொடர்கள் மட்டுமே. "சாக் பாசே" என்றால் என்ன செய்தி என்று பொருள். "நாப் பூலே" என்பது மறுமொழி. எரிந்துகொண்டிருக்கிறோம் என்பது அதன் சொற்பொருள், நன்றாக இருக்கிறோம் என்பதே கருத்து. பள்ளிக்குப் போகும் தடத்தில் நாம் அதைக் கத்திக்கொண்டே போனோம். பங்குத்தந்தை மிதிவண்டியை நிறுத்தி நம்முள் ஒருவனிடம் எப்படியப்பா இருக்கிறாய் என்று கேட்டதற்கு, அவன் "எரியுறோம் சாமி" என்றான். அவர் திகைத்தார்; காரணம் கேட்டறிந்து வாய்விட்டுச் சிரித்தார். அதையும் நான் எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் பின்னர் நடந்தவற்றில் அவருக்குப் பங்கில்லை.

சமயத்தைப் பற்றித் துருவியவர் எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா. அந்தத் தீவில் பேயை வணங்குவார்களாமே என்று ஒருநாள் தாழ்ந்த குரலில் கேட்டார். காலையில் பூசைக்கு வருபவர்களே மாலையில் மேளம் கொட்டித் தம் முன்னோரின் தெய்வங்களையும் அழைப்பார்கள் என்று அத்தை சொன்னார். மாதா படம் நம் வீட்டிலுள்ள அதே படந்தான். அவர்கள் வேறு பெயர் சொல்லியும் அழைப்பார்கள். பிறகு பெரியம்மாவின் இடுப்பிலிருந்த பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்து, "கயிறு எங்கக்கா மந்திரிச்சீங்க, நல்லா கட்டியிருக்காங்க" என்றார். பெரியம்மா பிள்ளையின் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அந்த உரையாடலை அவர் மன்னிக்கவே இல்லை.

கிறித்துபிறப்புக்கு முன் அம்மா ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, அத்தையையும் என்னையும் அழைத்துச் சென்றார். அரியலூரில் பேருந்து மாறினோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பிய வெண்புழுதி அத்தையின் புடவையிலும் புருவத்திலும் படிந்து, அவரை ஒரு நாழிகையில் முதியவராக்கியது. கோயிலில் அம்மாவும் அத்தையும் அருகருகே முழந்தாளிட்டார்கள். சிஸ்டர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அம்மா வேண்டினார்; பேருந்தில் வரும்போதே அதை என்னிடம் சொல்லியிருந்தார். அத்தை என்ன வேண்டினார் என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டு மெழுகுதிரிகளும் ஒரே தட்டில் எரிந்தன. திரும்பும்போது அத்தை செயங்கொண்டத்தில் இறங்கி, சந்தையில் ஒரு பெரிய பரங்கிக்காய் வாங்கினார்.

இங்கு நம் வீடுகளின் வழக்கம் ஒன்றை, நகரத்தில் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். பரங்கியோ பூசணியோ, முழுக்காயைப் பெண்கள் வெட்டுவதில்லை. ஆண் ஒருவர் முதல் வெட்டு வெட்டிப் பிளந்து கொடுத்த பின்னரே பெண்கள் அரிவாள்மனையில் வைப்பர். தலைப்பிள்ளைக்கு ஆகாது என்பர். கண்ணேறு கழிக்கச் சுற்றிப்போட்டு நடுத்தெருவில் உடைக்கும் காயும் இதுவே. கோயிலில் இதை மூடநம்பிக்கை என்று கண்டித்தார்கள். வீட்டில் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

அத்தை தம் பரங்கியைப் புத்தாண்டு நாளுக்கென வைத்திருந்தார். அடுப்படியில் அம்மாவிடம் காரணம் சொன்னபோது நானும் இருந்தேன். பிரெஞ்சுக்காரர் அத்தீவை ஆண்ட காலத்தில், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்தோர் எசமானர்களுக்குப் பரங்கிச்சாறு காய்ச்சினர். காய்ச்சலாம்; குடிக்கலாகாது. அவர்கள் போரிட்டு வென்று விடுதலையை அறிவித்தது சனவரித் திங்கள் முதல் நாளில். அன்று அதே சாற்றை எல்லோரும் குடித்தார்கள். இன்றளவும் ஆண்டுதோறும் அந்நாளில் வீடுதோறும் அதைக் காய்ச்சுவர். அண்டை வீடுகளுக்குக் கொடுப்பர், வாங்குவர். ஏழையென்று ஒருவரையும் விடுவதில்லை. "துப்பாக்கிச் சத்தம் கேட்ட வருசத்துலகூட காய்ச்சுனாங்க அண்ணி. அது குடிக்கலன்னா எனக்கு வருசம் பொறந்த மாதிரியே இருக்காது" என்றார் அத்தை. அம்மா கேட்டுக்கொண்டார். வேறொருவரிடமும் சொல்லவில்லை.

புத்தாண்டுத் திருப்பலி முடிந்து வந்ததும் அத்தை காயை வெட்டித் தரச் சொன்னார். வருசப் பிறப்பும் அதுவுமாகத் தம்மால் ஆகாது என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா தமக்குச் சுண்ணக்கட்டி பிடித்த கை என்று நகைத்து நழுவினார். அத்தை சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, கொல்லையிலிருந்த அரிவாளால் ஒரே வெட்டாகப் பிளந்தார். அம்மா கண்களை மூடிக்கொண்டார். உள்ளே சதை நல்ல மஞ்சள். விதைகள் நூலோடு தொங்கின.

ஆட்டெலும்பு, முட்டைக்கோசு, கேரட், கிராம்பு, கீறாத பச்சைமிளகாய், இறுதியில் எலுமிச்சை. அங்கே போடும் மாவுக்குழல் இங்கே கிடைக்காததால் சேமியா. வேகவைத்து மசித்த பரங்கி அதில் கரைந்ததும் எழுந்த மணம் எனக்கு அதுவரை பழக்கமில்லாதது. இனிப்பும் காரமும் கொழுப்புமாகக் கலந்து, பசியைக் கிளப்பிவிட்டு அச்சத்தையும் ஊட்டுவது. பெரிய தூக்குவாளியில் ஊற்றி, எங்கள் வீட்டு எனாமல் கிண்ணங்களை என்னிடம் தந்து, அத்தை புறப்பட்டார்.

முதலில் நம் தெரு. எல்லோரும் சிரித்த முகமாகத்தான் வாங்கினீர்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் கையில் வாங்காமல், அங்கே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நாங்கள் தெருக்கோடி போய்த் திரும்பும்போது, அவர் வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் மஞ்சளாகக் கொழுப்பாடை மிதந்தது. வேறு சில வீடுகளில் முருங்கையடியில் ஈரம். குடித்தவர்களும் உண்டு, உங்களுள் ஒருவன் மூன்று வீட்டுக் கிண்ணங்களைத் துடைத்துவிட்டான் என்பதை நான் சொல்லாமல் விடுகிறேன்.

வாளியை மீண்டும் நிரப்பிக்கொண்டு அத்தை தார்ச்சாலையைக் கடந்தார். சாலைக்கு அப்பாலுள்ள தெருவைக் காலனி என்போம். இரு தெருவுக்கும் கோயில் ஒன்று; அமரும் பக்கம் வேறு, கல்லறைத் தோட்டம் வேறு. பண்டிகைக்கு நம் வீட்டுப் பலகாரம் சாலையைக் கடந்து போகும், அவர்கள் கொண்டுவரும் பாத்திரத்தில். அங்கிருந்து ஒன்றும் கடந்து வராது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை, ஆனால் நாம் அனைவரும் அறிந்திருந்தோம். அத்தை எங்கள் வீட்டுக் கிண்ணங்களிலேயே ஊற்றினார். குடித்து முடித்த கிண்ணத்தை வாங்கி, அலசி, அடுத்தவருக்கு ஊற்றினார். தாமும் ஒன்றில் ஊற்றிக்கொண்டு, கோயில் மணி அடிக்கும் முதியவரின் அருகே மண்ணில் உட்கார்ந்தார். எதற்காக இந்தச் சாறு என்பதை அவர்களுக்கும் சொன்னார்.

முதியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்துக்குள் பார்த்தார். "இது ரசமா கொழம்பா சிஸ்டர்?"

"ரெண்டும் இல்லீங்க. சூப்பு."

"சோத்துல ஊத்திக்கக் கூடாதா?"

"இல்லீங்க, அப்புடியே குடிக்கிறதுதான்."

"அப்ப சுதந்திரம் வந்துருச்சு, சோறு இன்னும் வல்லன்னு சொல்லுங்க."

தெருவே சிரித்தது. அத்தை சிரித்துச் சிரித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்த நாட்டிலும் இதையேதான் சொல்வார்கள் என்றார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் கால்கள் ஓரிடத்தில் ஓய்ந்திருந்ததை நான் கண்டது அப்போது மட்டுமே. புறப்படும்போது ஒரு பெண்மணி வாளியைக் கழுவி, வெறுங்கையாக அனுப்பக் கூடாதென்று அவித்த மரவள்ளிக் கிழங்கை அதில் போட்டுத் தந்தார். அத்தை அதை வாங்கிவந்து எங்கள் அடுப்படியில் வைத்தார்.

அன்று மாலை எதிர்வீட்டு மாடு கழிந்தது. ஆட்டெலும்புச் சாற்றைத் தொட்டியில் ஊற்றினால் வேறென்ன நேரும்? ஆனால் ஊர் வேறு விதமாகக் கணக்கிட்டது. பெண் கையால் பிளந்த காய். ஆண்டின் முதல் நாள். வீடு வீடாக ஊற்றியிருக்கிறார். கடலுக்கு அப்பாலிருந்து கொண்டுவந்த எதையோ நம் தெருவில் கழித்துவிட்டார். குழாயடியில், கோயில் வாயிலில், முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் என எங்கும் பரங்கியைப் பற்றியே பேசினார்கள். தூக்குவாளியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் சிறியவள், பரங்கிதான் குற்றம் என்று நம்பினேன். ஆனால் அந்தத் தூக்குவாளியை மறுநாள் முதல் எங்கள் வீட்டில் நான் காணவில்லை. பித்தளைப் பிடியும் வளைந்த மூடியும் கொண்ட நல்ல வாளி. அம்மாவிடம் கேட்டேன், ஓட்டை விழுந்துவிட்டது என்றார். பல ஆண்டுகள் கழித்து, ஊர் எதற்காக அவ்வளவு உரக்கப் பரங்கியைப் பேசிற்று என்று விளங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, இல்லாத அந்த ஓட்டை.

பொங்கல் கழிந்து மடத்துத் தலைவி வந்தார். தடித்த கண்ணாடி அணிந்த, குரலை உயர்த்தாத சிறிய உருவம். கூடத்தில் நாற்காலி போட்டு அமரச் செய்தோம். அம்மா காப்பி கொடுத்தார். பெரியப்பா அந்த நாளுக்காகவே வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்.

"மனசு சரியில்லீங்க மதர்" என்று தொடங்கினார். "வெடி வெடிச்சா தரையில படுக்குறாங்க. நின்ன எடத்துல நிக்கிறதில்ல. வருசப் பொறப்பு அன்னிக்கி கத்தி எடுத்துக் காய வெட்டி, ஊருக்கெல்லாம் ஊத்திட்டு வந்துட்டாங்க. எதிர்வூட்டு மாடு படுத்துருச்சு. சனங்க ஒரு மாதிரி பேசுது. அவ்ளோ தூரம் அனுப்புற நெலமையில இவங்க இல்லீங்க."

"ஊருக்கெல்லாம்னா?" என்று தலைவி கேட்டார்.

"ரெண்டு தெருவுக்கும் மதர்."

"ஒரே பாத்திரத்துலயா?"

"ஆமாங்க மதர். எங்க வூட்டுக் கிண்ணத்துலயே."

இதைச் சொன்னால் வழக்கு தம் பக்கம் முடிந்துவிடும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். தலைவி காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அத்தையின் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார்.

"அண்ணன் சொன்னதெல்லாம் நெசம் மதர். தரையில படுத்தேன். காய வெட்டுனேன். ரெண்டு தெருவுக்கும் ஊத்துனேன். மாட்டுக்கு மட்டும் நான் ஊத்தல."

தலைவி சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் தம் மடத்துக்குப் பள்ளி உள்ள ஊர்கள் எல்லாமே இதுபோல இரண்டு தெரு உள்ளவைதாம் என்றும், அடுத்த புத்தாண்டுக்கும் இப்படி நேர்ந்தால் எத்தனை பேருக்குத் தாம் விடை சொல்ல வேண்டியிருக்கும் என்றும் மெல்லச் சொன்னார். பெரியப்பா பதறினார்.

"இனிமே அப்புடி செய்ய மாட்டாங்க மதர். நான் சொல்லி வச்சிக்கிறேன். பக்கத்துலயே போடுங்க, நான் பாத்துக்கிறேன்."

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருக்கு இந்த மண்ணில் ஒரு பள்ளி, அண்ணன் வீட்டுச் சோறு, வெடிச்சத்தம் கேட்டால் சிரிப்பதற்கு மக்கள் எல்லாம் இருந்திருக்கும்.

"செய்வேன் மதர்" என்றார் அத்தை.

"அப்ப நீங்க அங்கயே போங்க" என்றார் தலைவி. "டிக்கெட்டுக்குச் சொல்றேன்."

அது தண்டனையா, கொடையா என்பதை இத்தனை ஆண்டுகளாக நான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். அத்தையின் நெஞ்சறிந்து தலைவி அனுப்பினார் என்று நம்பவே எனக்கு விருப்பம். வம்பு வேண்டாமென்று அனுப்பியிருக்கவே வாய்ப்பு மிகுதி. ஒன்று மட்டும் உறுதி: அவரை இங்கே நிறுத்துவதற்காகப் பெரியப்பா அடுக்கிய சான்றுகளே அவரை வானூர்தியில் ஏற்றின.

பெரியப்பா தகரப் பெட்டியை வேறு யாரையும் தொடவிடாமல் தம் தலையிலேயே சுமந்து, வரதராசன்பேட்டைவரை நடந்தார். அத்தை முன்னால் விரைந்தார், பெரியப்பா பின்தங்கினார். பேருந்து வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டுப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே சற்றுத் தூரம் ஓடினார். நடத்துநர் அதட்டிய பின்னரே விட்டார். திரும்பும் தடத்தில், முந்திரி பூத்த வாடை தலையைக் கிறக்கும் அந்த வளைவில், நின்றுவிட்டார்.

"கிண்ணத்தப் பத்தி நான் பேசாம இருந்துருந்தா, மதர் இவள இங்கயே போட்டுருப்பாங்க. இல்லடா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"வெயில் ஏறுது, நடங்கண்ணே" என்றார் அப்பா.

ஆட்சி கைமாறிய நாளில் அப்பாவும் பெரியப்பாவும் வானொலிப் பெட்டியின் இருபுறமும் அமர்ந்திருந்தார்கள். இரைச்சலே மிகுதி. ஒரு வரிச் செய்தி வந்து போயிற்று என்று அப்பா சொன்னார். தமக்குக் கேட்கவில்லை என்று பெரியப்பா சொன்னார். அத்தை அந்நாளில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தாரா என்பதிலும் இருவரும் மாறுபட்டார்கள். பயணம் பம்பாயில் தடைப்பட்டது என்பது அப்பாவின் நினைவு. அவர் கூட்டத்தில் நின்று கண்ணாரக் கண்டார் என்று பெரியப்பா சாகும்வரை சாதித்தார்; அவரிடம் நான் வாதிட்டதில்லை.

நினைவிலிருந்தே எழுதியிருக்கிறேன். எயிட்டியின் மொழியைக் குறித்தோ ஆட்சியைக் குறித்தோ பிழை இருப்பின், அறிந்தோர் திருத்துங்கள். திருமணம் எந்த வீட்டில், மாடு எத்தகையது என்பனவற்றில் நான் மயங்கியிருந்தால் நம் தெருவினர் திருத்துங்கள். ஆனால் நான் பெரிதும் எதிர்பார்ப்பது அப்பால் தெருவில் அன்று கிண்ணம் ஏந்தியவர்களின் திருத்தத்தை. நான் சாலைக்கு இப்பாலிருந்து சென்று, கிண்ணங்களைச் சுமந்து நின்று, கண்டவற்றை எழுதியுள்ளேன். அந்தச் சாற்றை விரும்பிக் குடித்தீர்களா, சிஸ்டர் தருவதை மறுப்பது முறையன்று எனக் குடித்தீர்களா? முதியவரின் பேச்சுக்குச் சிரித்தபோது உங்களுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்ததா? எனக்குத் தெரியாது, அன்று கேட்கவும் இல்லை. அம்மாவும் நானும் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். நான் தவறாக எழுதியிருந்தால் வந்து சொல்லுங்கள். வாயிலில் நின்று சொல்ல வேண்டா. உள்ளே வந்து, உட்கார்ந்து சொல்லுங்கள்.